கனடாவில் செட்டில் ஆகப் போறீங்களா டீச்சர்?



பொங்கல் கழிந்த நாளிலிருந்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை. மன்னார்குடிக் கடைத்தெருவில் கேட்கிறார்கள், கோயில் பிரகாரத்தில் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பிக் கேட்கிறார்கள். "டீச்சர் வீட்டை வித்துட்டு மகளோட போயிடுறாங்களாம்" என்று யாரோ சொல்லி, போன வாரம் ஒரு வீட்டுத் தரகர் வாசல்வரைக்கும் வந்துவிட்டார். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆசிரியர் பயிற்சி முடித்து 1985-ல் சாக்பீஸ் பிடித்தவள் நான். 2019 மே மாதம் கீழே வைக்கும்வரை, வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுத எந்தப் பிள்ளையையும் விட்டதில்லை. அந்த விதி எனக்கும் பொருந்தும்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டில் ஆகவில்லை. வீட்டை விற்கவில்லை. ஆனால் போகிறேன். இந்த வருஷம் மே மாதம் கிளம்பி அக்டோபர் கடைசியில் திரும்புவேன். உடம்பு இடம் கொடுக்கும்வரை வருஷா வருஷம் இப்படித்தான். உடம்பு இடம் கொடுக்காமல் போகும்போது ஊரில் இருப்பேன். நம்மில் பலர் இதைத் தலைகீழாக யோசிக்கிறோம். "இப்ப என்ன, கை கால் நல்லா இருக்கு, முடியாமப் போனா பிள்ளைகிட்ட போய்க்கலாம்" என்கிறோம். நானும் கணக்குப் போடும்வரை அந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

என் நிலைமை பலருக்குத் தெரியும். உங்கள் சார் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் டொரன்டோவில், ஸ்கார்பரோ பக்கம். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு மூன்று. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அடுத்த தெருவில் என் அக்கா, வயது 72. எனக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு, இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. எல்லாப் பிடித்தமும் போகப் பென்ஷன் மாதம் 41,000 ரூபாய் கைக்கு வருகிறது. வேறு வருமானம் இல்லை, கடனும் இல்லை.

2024-ல் விசிட்டர் விசாவில் போய் ஐந்து மாதம் இருந்து வந்தேன். முதல் இரண்டு வாரம் எனக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் மனசு தானாகப் பெருக்கும். நாலு லிட்டர் பால் 6 டாலர் சொச்சம், பெருக்கு. கறிவேப்பிலை ஒரு சின்னப் பை 2 டாலர், பெருக்கு. பஸ்ஸில் பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் 3 டாலர் 30 காசு, பெருக்கு. (ஒரு டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், ஏறும் இறங்கும்.) 215 ரூபாயா ஒரு பஸ்ஸுக்கு! இங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. மகள் சிரிப்பாள். "அம்மா, பெருக்காதம்மா. இங்க சம்பாதிச்சு இங்க செலவு பண்றோம்" என்பாள்.

அவள் சொன்னது அவளுக்குச் சரி. எனக்குச் சரியில்லை. அவளுடைய சம்பளம் டாலர், அவள் பெருக்க வேண்டியதில்லை. என் பென்ஷன் ரூபாய், நான் வகுத்தே ஆக வேண்டும். 41,000-ஐ 65-ஆல் வகுத்தால் 630 டாலர். மன்னார்குடியில் அக்காவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, கோயிலுக்கு அர்ச்சனை செய்து, பழைய மாணவன் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதி, மாதக் கடைசியில் மிச்சமும் வைக்கிற அதே பணம், அங்கே ஒரு படுக்கையறை கொண்ட பேஸ்மென்ட்டின் வாடகையில் பாதிகூட வராது. ஒரே வீட்டுக்குள், ஒரே சாப்பாட்டு மேஜையில், இரண்டு விதமான பணம் உட்கார்ந்திருக்கிறது. இதை மறந்துவிட்டுப் போடுகிற கணக்கு எல்லாம் தப்பாகத்தான் வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நோட்டில் மூன்று பத்தி போட்டேன்.

முதல் பத்தி, வருஷம் முழுக்க ஊரில். மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட், வேலைக்கார அம்மா சம்பளம், மருந்து, போன், வீட்டு வரி, கோயில், நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து மாதம் 22,000. வருஷத்துக்கு 2,64,000. பென்ஷன் வருஷத்துக்கு 4,92,000. பாதிக்குக் கொஞ்சம் கீழே மிச்சம்.

இரண்டாம் பத்தி, வருஷம் முழுக்கக் கனடாவில். இதற்கு சூப்பர் விசா வேண்டும். 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம்வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு வருஷத்துக்கு, ஒரு லட்சம் கனடிய டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிள்ளைக்கும் அரசு சொல்கிற அளவு வருமானம் இருக்க வேண்டும். என் வயதுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து மகள் விசாரித்ததில் வருஷத்துக்கு 2,400 டாலர் வந்தது, அதாவது 1,56,000 ரூபாய். பூட்டிக் கிடக்கிற இந்த வீட்டுக்கும் செலவு உண்டு. வரி, குறைந்தபட்சக் கரண்ட், வாரம் ஒரு முறை திறந்து கூட்டுவதற்கு ஆள், மழைக்கு முன் ஓடு பார்ப்பது, கரையானுக்கு மருந்து. மாதம் 6,500 வைத்தால் 78,000. அங்கே என் கைச்செலவு மாதம் 150 டாலர் வைத்தால் வருஷத்துக்கு 1,17,000. மொத்தம் 3,51,000. டிக்கெட்டைத் தனியாக வையுங்கள்.

மூன்றாம் பத்தி, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. இதற்கு ஏற்கெனவே கையில் இருக்கிற விசிட்டர் விசா போதும், பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம் தருகிறார்கள். ஊரில் ஆறு மாதம் 1,32,000. பூட்டிய வீட்டுக்கு ஆறு மாதம் 39,000. போக வர டிக்கெட் 1,30,000. ஆறு மாதக் காப்பீடு 1,200 டாலர், 78,000. கைச்செலவு 58,500. கூட்டினால் 4,37,500. பென்ஷனில் 54,500 மிச்சம்.

நன்றாகக் கவனியுங்கள். முழு வருஷம் அங்கேயே இருப்பது, போய் வருவதைவிட எண்பதாயிரம் சொச்சம் மலிவாகத் தெரிகிறது. இதைக் காட்டித்தான் பலர் "அம்மா அங்கேயே இருந்துட்டா செலவே இல்ல" என்று சொல்கிறார்கள். செலவு எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. நான் சாப்பிடும் சோறும், படுக்கும் அறையும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்கிற பில்லும் என் நோட்டிலிருந்து மகள் நோட்டுக்கு மாறியிருக்கின்றன. அவளும் மாப்பிள்ளையும் அதைச் சொல்லிக்காட்டுகிற ஆட்கள் இல்லை. ஆனாலும் கணக்கு எழுதும்போது மறைக்கக் கூடாது. மாறிய செலவை மிச்சம் என்று எழுதினால் உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

"நீங்க பேரப் பிள்ளைகளைப் பாத்துக்கிறீங்களே, அது பெரிய காசு இல்லையா?" என்று என் நாத்தனார் கேட்டார். நல்ல கேள்வி. அதையும் போட்டுப் பார்த்தேன். ஒன்டாரியோவில் அரசுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிற குழந்தைகள் காப்பகமாக இருந்தால், ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 22 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜனவரியிலிருந்து வரம்பு இருக்கிறது. மாதம் 22 நாள் என்றால் 484 டாலர். ஆக, சின்னவனைப் பார்த்துக்கொள்வதால் நான் மகளுக்கு மிச்சப்படுத்துவது அவ்வளவுதான். இடம் கிடைப்பது சிரமம், காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, அது வேறு விஷயம். ஒரு பாட்டியின் மாதச் சம்பளம் 484 டாலர் என்று தெரிந்ததும் அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு. ஆனால் ஒரு உண்மை உறைத்தது. மூன்று வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற நாள் வந்துவிட்டால் அந்த வேலையும் போய்விடும். அப்புறம் நான் அங்கே விருந்தாளி.

இனி, எல்லோரும் கடைசியில் பேசுகிற விஷயம். அதைத்தான் முதலில் பேச வேண்டும். நோய்.

இங்கே ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அது செல்லும், கடல் தாண்டினால் செல்லாது. கனடாவில் மருத்துவம் இலவசம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது அங்கே வசிப்புரிமை உள்ளவர்களுக்கு. விசிட்டர் விசாவிலோ சூப்பர் விசாவிலோ போன நமக்கு ஒன்டாரியோ அரசின் ஓஹிப் அட்டை கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் சிலர் எடுக்காமல் போகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள், உங்கள் அப்பா அம்மாவையும் அப்படி அழைக்காதீர்கள்.

காப்பீடு எடுத்தாலும் அதன் விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு "நிலையாக இருந்த காலம்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சில பாலிசியில் 90 நாள், சிலதில் 180 நாள். அந்த நாட்களுக்குள் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றியிருந்தால்கூட, அந்த நோயால் வரும் செலவுக்குப் பணம் தர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் உண்டு. ஆகவே கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே டாக்டரைப் பார்த்து, மாற்ற வேண்டிய மருந்தை அப்போதே மாற்றிக்கொண்டு, பிறகு நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் நவம்பரிலேயே இதை முடித்துவிட்டேன். பல்லும் கண்ணாடியும் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். சாதாரணப் பல் வைத்தியம் அந்தக் காப்பீட்டில் வராது. சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துதான் கையில் கொண்டுபோகலாம். ஆறு மாதம் இருப்பவர்கள் நடுவில் அங்கே ஒரு டாக்டரைக் காசு கொடுத்துப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

இப்போது பத்து வருஷம் தள்ளிப் பாருங்கள். எனக்கு 75 வயது. எழுந்து நடக்கத் துணை வேண்டும் என்று வையுங்கள். இங்கே ஒரு ஆயாவை வீட்டோடு வைத்துக்கொண்டால் மாதம் 20,000 ரூபாய். மாதம் 22,000 செலவு 30,000 ஆனால்கூட, பென்ஷனும் அகவிலைப்படியோடு ஏறும். சமாளித்துவிடலாம். 80 வயதானால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அதே ஆள் மணிக்கு 30 டாலர். தினம் நாலு மணி நேரம் மட்டும் வைத்தால் மாதம் 3,600 டாலர். ரூபாயில் 2,34,000. என் அரை வருஷப் பென்ஷன் ஒரு மாதத்தில் போய்விடும். காப்பீட்டுக் கட்டணமும் வயது ஏற ஏற ஏறும், கேள்விகளும் கூடும். அதோடு, அந்தக் காப்பீடு திடீரென வரும் நோய்க்குத்தான். முதுமைக்கு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். முடியாமல் போகும்போது பிள்ளையிடம் போவது, பாசக் கணக்கில் சரியாக இருக்கலாம். பணக் கணக்கில் அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. உடம்பு நன்றாக இருக்கும்போது போவதுதான் மலிவு.

நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர். கிடைத்தால் இந்தக் கணக்கு மாறும். ஓஹிப் வரும். 65 வயதுக்கு மேல் டாக்டர் எழுதும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்டாரியோ அரசு உதவி செய்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கிற செவிலியர் சேவையும் உண்டு. ஆனால் பெற்றோருக்கான பி.ஆர். நினைத்தவுடன் கிடைப்பதில்லை. 2020-ல் விருப்பப் படிவம் கொடுத்தவர்களிலிருந்துதான் 2025 வரைக்கும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்தாலும், அழைத்த பிள்ளை 20 வருஷத்துக்குப் பெற்றோர் செலவுக்குப் பொறுப்பு என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது வருஷம்! என் மகளுக்கு அப்போது 58 வயதாகியிருக்கும். முதியோர் பென்ஷன் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குப் பதினெட்டு வயதுக்குப் பின் குறைந்தது பத்து வருஷம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், முழுத் தொகைக்கு நாற்பது வருஷம். 65 வயதில் போகிற நமக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஸ்கார்பரோ நூலகத்தில் ஒரு அம்மாவோடு பழக்கம் ஏற்பட்டது. டொரன்டோ நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, அங்கே வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். நான் போன இடங்களிலேயே காசு கேட்காத இடம் அது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயது எண்பதுக்கு மேல். தொண்ணூறுகளில் மகள் அழைத்து வந்தவர். இப்போது அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, மாதா மாதம் சிறு தொகை வருகிறது, கழுத்தில் கயிற்றில் வீட்டுச் சாவி தொங்குகிறது. ஒரு நாள் என்னிடம் சொன்னார். "பிள்ளை, கையிலை காசு இருந்தா மகளின்ரை வீடும் எங்கடை வீடுதான்." நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் பேத்திக்கு ஒரு கலர் பென்சில் டப்பா வாங்க வேண்டும் என்று நினைத்து, என்னிடம் டாலர் தீர்ந்துபோயிருந்ததால் மகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு வாங்காமல் இருந்தேன். கேட்டிருந்தால் அவள் அட்டையையே கையில் கொடுத்திருப்பாள். ஆனால் பத்தொன்பது வயதிலிருந்து, எனக்கு வேண்டியதற்கு யாரிடமும் கை நீட்டியதில்லை. 64 வயதில் பழக வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா எங்கே இருந்தாலும் சரி. அப்பா அம்மா வந்திருக்கும்போது சாப்பாடு போடுகிறீர்கள், ஊர் சுற்றிக் காட்டுகிறீர்கள், சந்தோஷம். அதோடு, மாதம் முதல் தேதியில் நூறோ நூற்றைம்பதோ அவர்கள் மேஜையில் வைத்துவிடுங்கள். கேட்க விடாதீர்கள். எதற்குச் செலவாயிற்று என்றும் கேட்காதீர்கள். என் மூன்றாம் பத்தியில் கைச்செலவு என்று 58,500 எழுதியிருக்கிறேனே, அது அரிசிக்கும் பருப்புக்கும் இல்லை. அது பஸ்ஸுக்கும் பென்சில் டப்பாவுக்கும் கோயில் உண்டியலுக்கும். அந்தப் பணம் இருந்தால்தான் ஆறு மாதம் ஆறு மாதமாகப் போகும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வதந்தி முழுப் பொய் இல்லை. மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னார். "அத்தை, ஊர் வீட்டைக் கொடுத்துட்டா, இங்க பேஸ்மென்ட்டோட ஒரு வீடு வாங்கலாம். கீழ உங்களுக்குத் தனி அறை, தனி வாசல்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. நோட்டை எடுத்தேன்.

தரகர் சொன்ன விலை 55 லட்சம். தரகு, மூலதன ஆதாய வரி எல்லாம் போக 50 லட்சம் என்று வைப்போம். (2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதமா, சரிக்கட்டலோடு 20 சதவீதமா என்று எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆடிட்டரைப் பாருங்கள்.) வெளிநாட்டுக்கு அனுப்ப ஒருவருக்கு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரம்பு இருப்பதால் அதில் தடை இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வங்கி முன்கூட்டியே பிடித்துவைக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், அதுவரை கையில் இருக்காது. எல்லாம் சரியாக நடந்தால் 50 லட்சம் என்பது 77,000 கனடிய டாலர். அவர்கள் பார்த்துவைத்த வீடுகள் எட்டு லட்சம் டாலருக்கு மேல். நானும் உங்கள் சாரும் 1998-ல் கடன் வாங்கி, இருபது வருஷம் தவணை கட்டி எழுப்பிய முழு வீடு, அங்கே பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கும் அவர்கள் கடன்தான். என் பங்கு போனால் அவர்கள் பாரம் கொஞ்சம் குறையும், ஆனால் எனக்குத் திரும்பி வர வாசலே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் ஓசூரில் இருப்பவனுக்கும் பங்கு இருக்கிறது. அவன் வாய் திறந்து கேட்க மாட்டான். கேட்காத பிள்ளையின் பங்கைக் கேட்ட பிள்ளைக்குக் கொடுப்பது நியாயமில்லை. வகுப்பில் கை தூக்குகிற பிள்ளைக்கே மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

முடியாது என்று மகளிடம் போனில் சொன்னேன். காரணத்தையும் கணக்கையும் சொன்னேன். "சரிம்மா" என்றாள். தினம் பேசுகிறவள் ஐந்து நாள் பேசவில்லை. அந்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று இங்கே எழுத வேண்டாம். ஆறாம் நாள் வீடியோவில் பேத்தி வந்தாள். "பாட்டி, சம்மருக்கு வரியா, வரலியா?" என்றாள். பின்னால் மகள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். இன்னும் அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை, எனக்குத் தெரியும். பெற்றவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு நோட்டைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. இருந்தாலும் நோட்டு பொய் சொல்லாது.

இனி எங்கள் ஏற்பாடு. கைச்செலவும் காப்பீடும் என் பொறுப்பு. பாலிசியை நான் படித்து நான் தேர்ந்தெடுப்பேன். டிக்கெட் ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் அவள். அவள் எடுக்கிற வருஷம் மிச்சமாகும் பணமும், வருஷா வருஷம் மிஞ்சும் 54,500-ம் தனியாக ஒரு வைப்பு நிதியில் போகும். அதற்கு "திரும்பி வரும் பணம்" என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்த நாளும், எந்த விலைக்கும், யாரையும் கேட்காமல் ஒரு டிக்கெட் எடுத்து ஊருக்கு வர அது போதும். அந்தப் பணம் இருக்கிறவரை அங்கே நிம்மதியாகத் தூங்குவேன்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற மாதம் மே, அதனால் ஓய்வூதியர் நேர்காணலும் மே மாதம்தான். அதை முதல் வாரத்தில் முடித்துவிட்டுக் கிளம்புவேன். (நேர்காணல் மாதத்தில் அங்கே இருக்க நேர்பவர்கள் இந்தியத் துணைத் தூதரகத்தில் வாழ்நாள் சான்றிதழ் வாங்கி அனுப்பலாம்.) குளிருக்கு முன் திரும்பிவிடுவதால் பனிக்காலச் செருப்பு, கோட்டுச் செலவு இல்லை. அதோடு, ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ கனடாவில் தங்கினால் வரி விஷயத்தில் அந்த ஊர் வசிப்பாளராகக் கருதப்பட இடம் உண்டு. நான் 170 நாளுக்குள் திரும்புகிறேன். மே மாதத்தோடு 65 ஆவதால் பஸ்ஸிலும் முதியோர் கட்டணம். ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

கணக்கில் எழுத முடியாததையும் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு ஏழு வயது. அவள் என் மடியில் வந்து உட்கார்ந்து கதை கேட்கிற காலம் இன்னும் இரண்டு மூன்று வருஷம். அதன் பிறகு அவளுக்குத் தோழிகள் இருப்பார்கள், போன் இருக்கும். அங்கே பள்ளி வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது. அவளுக்கு உயிரெழுத்து வருகிறது, உயிர்மெய்யில் தடுமாறுகிறாள். 34 வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்த கை, அவளுக்குச் சொல்லித் தராமல் இருக்கக் கூடாது. அதற்கு நான் போக வேண்டியது இப்போது. எழுபத்தைந்தில் போனால் அவள் எனக்குச் சொல்லித் தருகிற நிலைமை வந்துவிடும்.

அதே மாதிரி அக்காவுக்கு 72. அவளோடு இருக்க எனக்கு எத்தனை தீபாவளி மிச்சம் என்று எந்த நோட்டும் சொல்லாது. அதனால்தான் பாதிப் பாதி.

என் கணக்கு என் பென்ஷனுக்கும் என் உடம்புக்கும் பொருந்தும். உங்களுடையதை நீங்களே போடுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும், கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். ஆனால் இந்த நாலு வரியை மட்டும் நோட்டில் மேலே எழுதிக்கொள்ளுங்கள். நோய் வந்தால் யார் கட்டுவது? கையில் கேட்காமல் வரும் காசு எவ்வளவு? திரும்பி வர வாசல் இருக்கிறதா? கேட்காத பிள்ளைக்கு என்ன செய்தோம்? நாலுக்கும் விடை எழுதிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

நான் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டுச் சாவி அக்காவிடம் இருக்கும். மாடியில் இருக்கும் பள்ளிப் புத்தகங்கள் வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், படித்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஏப்ரலுக்குள் வையுங்கள், இல்லையென்றால் கார்த்திகையில் வையுங்கள். தீபாவளிக்கு ஊரில் இருப்பேன். வருபவர்களுக்கு அதிரசம் உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்